ஆப்பிரிக்க மருத்துவத் துறையில் தனியார் முதலீடும் கலப்பு நிதியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் மருத்துவமனையை யார் கட்டுவது, யார் நடத்துவது, அதற்கான செலவை யார் ஏற்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை போதுமானதாக இருந்த காலம் ஒன்றுண்டு. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளுள் பல 1960களில் ‘அரசு’ என்று விடை கூறின. அரை நூற்றாண்டு கழிந்த நிலையில் அம்மூன்று வினாக்களுக்கும் வெவ்வேறு விடைகள் தோன்றியுள்ளன. கட்டுபவர் ஒருவர்; நடத்துபவர் வேறொருவர்; கடன் கொடுப்பவர் மூன்றாமவர்; இழப்பு நேர்ந்தால் அதனைத் தாங்குபவர் நான்காமவர். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் நோயாளிக்கும் அரசுக்கும் விளைந்தவை யாவை என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் பொருளியலாருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவம், கல்வி, குடிநீர் ஆகிய பொதுப் பணிகளில் தனியார் முதலின் இடம் யாது என்பது இன்று எல்லா நாடுகளிலும் எழுந்துள்ள வினா. ஆப்பிரிக்க அனுபவம் அவ்வினாவிற்கு ஏற்கெனவே சில விடைகளைத் தந்துள்ளது. அவற்றுள் லெசோத்தோ அரசின் மருத்துவமனை ஒப்பந்தம், அப்ராஜ் நிறுவனத்தின் மருத்துவ நிதியம், சிறு மருத்துவ நிலையங்களுக்கான கடன் நிதியம் ஆகிய மூன்றும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் அறக்கட்டளைகளும் தரும் சலுகை நிதியையும் இலாபம் கருதும் தனியார் முதலையும் ஒரே திட்டத்தில் இணைத்துப் பயன்படுத்துவதே கலப்பு நிதி எனப்படுகிறது. இதன் அடிப்படை எளிதானது. ஏழை நாட்டில் மருத்துவமனை கட்ட முன்வரும் முதலீட்டாளர் இழப்புக்கு அஞ்சுகிறார். அவ்வச்சத்தைக் குறைக்கும் அளவுக்குப் பொதுப்பணம் முன்னே நின்றால், அவர் பின்தொடர்வார் என்பது எதிர்பார்ப்பு.

தமிழில் ‘முதல்’ என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். வணிகத்தில் இடும் பொருளையும் குறிக்கும். கலப்பு நிதியின் நுட்பம் அவ்விரு பொருளும் கூடுமிடத்தில்தான் உள்ளது. ஒரு நிதியத்தில் இழப்பு ஏற்படுமாயின் முதலாவதாக யாருடைய முதல் கரையும் என்பதே அதன் தலையாய வினா. பொதுவாக நன்கொடையாளரின் பணமே முதலில் கரையும்படி ஒப்பந்தம் வகுக்கப்படும். தனியார் முதல் இறுதியில்தான் தொடப்படும். எனவே கலப்பு நிதியை மதிப்பிடும்போது எவ்வளவு பணம் திரண்டது என்று காண்பதோடு, இழப்பு எவ்வரிசையில் பங்கிடப்படுகிறது என்றும் காண்பது இன்றியமையாததாகிறது.

முன்வரலாறு

ஆப்பிரிக்காவில் மேலை மருத்துவம் அரசின் பணியாகத் தொடங்கவில்லை. குடியேற்றக் காலத்தில் மருத்துவமனைகளைப் பெரும்பாலும் கிறித்துவச் சமயப் பணியாளர்களே நிறுவினர். ஆல்பர்ட் சுவைட்சர் 1913இல் இன்றைய காபோன் நாட்டின் லம்பரேனேயில் தொடங்கிய மருத்துவமனை அவற்றுள் உலகறிந்த ஒன்று. சுரங்க நிறுவனங்களும் தம் தொழிலாளர்களுக்கென மருத்துவமனைகளை நடத்தின. குடியேற்ற அரசுகளின் மருத்துவப் பணியோ ஐரோப்பியரையும் படையினரையும் நகரங்களையும் சார்ந்தே அமைந்தது. ஆகவே அரசு சாராத மருத்துவம் என்பது ஆப்பிரிக்காவில் புதிதாக முளைத்ததன்று. ஆனால் சமயப் பணியாளரின் மருத்துவம் இலாபத்தைக் குறிக்கோளாகக் கொள்ளவில்லை. பிற்காலத்தில் ‘தனியார் துறை’ என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் உள்ளடக்கியமையால் பல குழப்பங்கள் தோன்றின.

விடுதலைக்குப் பின்னர் அரசுகள் மருத்துவத்தைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்தன. 1978இல் அல்மா ஆட்டாவில் நடைபெற்ற மாநாடு அடிப்படைச் சுகாதாரப் பணியை உலகின் பொதுக் குறிக்கோளாக்கியது. ஆயினும் 1970களின் எண்ணெய் விலையேற்றமும் ஏற்றுமதிப் பொருள்களின் விலைவீழ்ச்சியும் 1980களின் கடன் நெருக்கடியும் அக்குறிக்கோளைத் தகர்த்தன. கடனுக்காக உலக வங்கியையும் அனைத்துலகப் பண நிதியத்தையும் நாடிய அரசுகள் பொதுச் செலவைக் குறைக்க வேண்டியவையாயின.

1987ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டு உலக வங்கி, வளரும் நாடுகளில் சுகாதாரப் பணிக்கான நிதியைப் பற்றிய கொள்கை ஆவணமொன்றை வெளியிட்டது. நோயாளிகளிடம் கட்டணம் பெறுதல், காப்புறுதியை வளர்த்தல், அரசு சாராத் துறையைப் பயன்படுத்துதல், அதிகாரத்தைப் பரவலாக்குதல் ஆகிய நான்கும் அதன் பரிந்துரைகள். அதே ஆண்டு மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவில் கூடிய ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள், மருந்து விற்பனையில் கிடைக்கும் பணத்தைக் கொண்டே மருந்தை மீண்டும் வாங்கும் சுழல்நிதித் திட்டத்தை ஏற்றனர்.

கட்டணத்தின் விளைவு விரைவில் புலனாயிற்று. கென்யா 1989 டிசம்பரில் கட்டணத்தை நடைமுறைப்படுத்தியபோது அரசு மருத்துவ நிலையங்களுக்கு வருவோர் தொகை குறைந்தது. அடுத்த ஆண்டே புறநோயாளிக் கட்டணம் நிறுத்தி வைக்கப்பட்டது. உகாண்டா 2001இல் கட்டணத்தை நீக்கியபோது ஏழை மக்களின் வருகை கூடியது. கட்டணம் ஏழைகளை விலக்கும் என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்றுகளாயின. எனினும் கட்டணத்திற்கு மாற்று யாது என்னும் வினா எஞ்சியிருந்தது. 2001 ஏப்ரலில் நைஜீரியாவின் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் தத்தம் வரவு செலவுத் திட்டத்தில் குறைந்தது 15 விழுக்காட்டைச் சுகாதாரத்திற்கு ஒதுக்க உறுதியளித்தனர். பெரும்பாலான நாடுகள் அவ்வளவை எட்டவில்லை. அவ்விடைவெளியில்தான் தனியார் முதல் பற்றிய பேச்சு வலுப்பெற்றது.

2007ஆம் ஆண்டு அறிக்கையும் அதன் வாதமும்

உலக வங்கிக் குழுமத்தின் தனியார் துறைப் பிரிவான அனைத்துலக நிதிக் கழகம் 2007 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் மருத்துவ வணிகம் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டது. சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளில் அடுத்த பத்தாண்டுகளில் 25 முதல் 30 பில்லியன் அமெரிக்க டாலர் வரை புதிய முதலீடு தேவைப்படும் என்றும், மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே தனியார் மருத்துவர்களிடமே சென்று சேர்கிறது என்றும் அது கூறியது. தனியார் துறை ஏற்கெனவே இருப்பதால் அதனைப் புறக்கணிக்காமல் முதலிட்டுச் செம்மைப்படுத்த வேண்டும் என்பது அவ்வறிக்கையின் வாதம்.

இவ்வாதத்தை ஆக்ஸ்பாம் அமைப்பு 2009இல் மறுத்தது. தனியார் துறை எனக் கணக்கிடப்பட்டதில் பெரும் பங்கு மருந்து விற்கும் சிறு கடைகளே என்றும், அவற்றுள் பலவற்றில் தகுதி பெற்றவர் எவரும் இலர் என்றும் அது சுட்டிக் காட்டியது. ஒரு தாய் தன் குழந்தையின் காய்ச்சலுக்குச் சந்தைக் கடையில் மாத்திரை வாங்குவது அவளது விருப்பத் தேர்வைக் காட்டுவதில்லை. அருகில் வேறு வழி இல்லாமையையே காட்டுகிறது. இருப்பதைக் கணக்கிடுவது வேறு. இருப்பதையே விரும்பத்தக்கதாகக் கொள்வது வேறு. இவ்வேறுபாடு இவ்விவாதத்தில் அடிக்கடி மறக்கப்பட்டது எனலாம்.

எவ்வாறாயினும் 2007க்குப் பின்னர் முதலீட்டு முயற்சிகள் பெருகின. 2009இல் தொடங்கிய ஆப்பிரிக்கச் சுகாதார நிதியத்தில் அனைத்துலக நிதிக் கழகம், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, கேட்ஸ் அறக்கட்டளை, ஜெர்மானிய வளர்ச்சி நிதி நிறுவனம் ஆகியவை பங்கேற்றன. 2015 ஜூலையில் அடிஸ் அபாபாவில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் மாநாட்டு அறிக்கையில் கலப்பு நிதி என்னும் கருத்து முறையான இடம் பெற்றது.

லெசோத்தோ: ஒரு மருத்துவமனையின் வரலாறு

தென்னாப்பிரிக்காவால் நாற்புறமும் சூழப்பட்ட லெசோத்தோ, ஏறத்தாழ இரண்டு மில்லியன் மக்களைக் கொண்ட மலைநாடு. 1966இல் விடுதலை பெற்றது. உலகில் எச்.ஐ.வி. பரவல் மிக அதிகமாகவுள்ள நாடுகளுள் ஒன்று. தலைநகர் மசேருவிலிருந்த இரண்டாம் எலிசபெத் அரசியார் மருத்துவமனையே நாட்டின் தலைமை மருத்துவமனையாக இருந்தது. அது பழுதடைந்து, கருவிகளும் பணியாளர்களும் குன்றிய நிலையில், கடும் நோயாளிகள் எல்லை கடந்து தென்னாப்பிரிக்காவின் புளூம்பொன்டைன் நகருக்கு அனுப்பப்பட்டனர்.

2006இல் லெசோத்தோ அரசு அனைத்துலக நிதிக் கழகத்தை ஆலோசகராக நியமித்தது. பிரிட்டன் 1992இல் அறிமுகப்படுத்திய தனியார் நிதி முறையின் வழியிலேயே திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் பிரிட்டனில் தனியார் கட்டடத்தைக் கட்டிப் பராமரித்தனர். மருத்துவம் அரசின் பொறுப்பிலேயே இருந்தது. லெசோத்தோவில் மருத்துவர், தாதியர், மருந்து அனைத்தும் ஒப்பந்தத்திற்குள் அடங்கின. வருமானம் குறைந்த ஒரு நாட்டில் இத்தகைய முழுமையான ஒப்பந்தம் அதுவே முதலாவது.

2008 அக்டோபரில் செபொங் என்னும் கூட்டு நிறுவனத்துடன் 18 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செசோத்தோ மொழியில் அப்பெயருக்கு ‘நம்பிக்கைக்குரிய இடம்’ என்பது பொருள். அதன் பங்குகளில் 40 விழுக்காடு தென்னாப்பிரிக்காவின் நெட்கேர் நிறுவனத்திற்கு உரியது. எஞ்சியவை லெசோத்தோ மருத்துவர்கள், புளூம்பொன்டைன் மருத்துவர்கள், உள்நாட்டு வணிகர்கள், பெண்கள் முதலீட்டு நிறுவனம் ஆகியோரிடையே பகிரப்பட்டன. கட்டுமானச் செலவில் கணிசமான பகுதியை லெசோத்தோ அரசே முன்னதாகச் செலுத்தியது. மீதியில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் கடன். பங்குதாரர்கள் இட்ட சொந்த முதல் ஒரு சிறு பகுதியே. உலக வங்கி நிருவகித்த ஒரு நன்கொடை நிதியமும் 6.25 மில்லியன் டாலர் வழங்கியது. ‘தனியார் முதலீடு’ எனப் பேசப்பட்ட இத்திட்டத்தில் கடன் தந்ததும் அரசுக்குரிய வங்கியே என்பது குறிப்பிடத்தக்கது.

குவாலிங், மபோட்டே, லிகோட்சி ஆகிய மூன்று இடங்களிலுள்ள மருத்துவ நிலையங்கள் 2010இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டன. 425 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனை 2011 அக்டோபரில் திறக்கப்பட்டது. இந்நாள் மன்னர் மூன்றாம் லெட்சியேயின் தாயாரான மமொஹாட்டோ அரசியாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இம்மருத்துவமனையின் மருத்துவப் பயனை மறுப்பதற்கில்லை. நாட்டின் முதல் பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவு இங்குதான் அமைந்தது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய மருத்துவமனையோடு புதியதை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனை இறப்பு வீதம் 41 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. மருந்து இருப்பு, பதிவேடு, பணியாளர் மேற்பார்வை ஆகியவற்றிலும் முன்னேற்றம் காணப்பட்டது. நிருவாக ஒழுங்கினால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை இத்திட்டத்தைக் குறைகூறுவோரும் ஏற்க வேண்டும்.

சிக்கல் செலவில் எழுந்தது. ஆண்டிற்கு 20,000 உள்நோயாளிகள், 310,000 புறநோயாளிகள் என ஒப்பந்தம் வரம்பு விதித்திருந்தது. அவ்வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு நோயாளிக்கும் அரசு கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். நல்ல மருத்துவமனை என்று பெயர் பரவியதும் மக்கள் அங்கே திரண்டனர். மருத்துவமனையின் வெற்றியே அரசின் சுமையாகியது. விலையேற்றத்திற்கேற்ப ஆண்டுக் கட்டணம் உயர்ந்தது. செலுத்தத் தாமதமானால் வட்டியும் சேர்ந்தது. 2014 ஏப்ரலில் ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை, இம்மருத்துவமனைக்கு ஆண்டிற்கு 67 மில்லியன் டாலர் செலவாகிறது என்றும், அது அரசின் சுகாதாரச் செலவில் 51 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. பழைய மருத்துவமனையின் செலவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்பதும் அதன் குற்றச்சாட்டு. உலக வங்கி இக்கணக்கை ஏற்கவில்லை. பழைய மருத்துவமனையும் புதியதும் அளிக்கும் பணிகள் சமமானவையல்ல என்றும், நோயாளிகளின் தொகை பெருகியதைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்றும் வாதிட்டது.

எக்கணக்கை ஏற்பினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. லெசோத்தோ மக்களில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்பவர்கள். தலைநகர் மருத்துவமனைக்கான கட்டணம் ஒப்பந்தத்தால் உறுதி செய்யப்பட்டது. மலையூர்களின் மருத்துவ நிலையங்களுக்கான ஒதுக்கீட்டிற்கு அத்தகைய உறுதி ஏதுமில்லை. வரவு குறையும் ஆண்டில் அரசு எதனைக் குறைக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

முடிவு 2021இல் வந்தது. அரசு மருத்துவமனைத் தாதியர் பெறும் ஊதியத்திற்கு இணையான ஊதியம் கோரித் தாதியர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு மார்ச்சில் 345 தாதியர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதனையடுத்து அரசு ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவந்து மருத்துவமனையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2026 வரை நீடித்திருக்க வேண்டிய ஒப்பந்தம் இடையிலேயே முறிந்தது. இடர்ப்பாட்டைத் தனியாருக்கு மாற்றுவதாகத் தொடங்கிய திட்டத்தில், இறுதி இடர்ப்பாடு மீண்டும் அரசிடமே வந்து சேர்ந்தது.

அப்ராஜ்: நம்பிக்கையும் கண்காணிப்பும்

இரண்டாவது எடுத்துக்காட்டு வேறு வகையானது. 2002இல் துபாயில் தோன்றிய அப்ராஜ் நிறுவனம், மேற்குறித்த ஆப்பிரிக்கச் சுகாதார நிதியத்தை நிருவகித்த ஆரியோஸ் நிறுவனத்தை 2012இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. பின்னர் ஆப்பிரிக்க, தெற்காசிய நகரங்களில் மருத்துவமனைகளை வாங்கவும் கட்டவும் ஏறத்தாழ ஒரு பில்லியன் டாலர் கொண்ட நிதியமொன்றைத் திரட்டியது. கேட்ஸ் அறக்கட்டளை 100 மில்லியன் டாலர் அளிக்க உறுதியளித்தது. அனைத்துலக நிதிக் கழகமும் பிரிட்டன், பிரான்சு நாடுகளின் வளர்ச்சி நிதி நிறுவனங்களும் அதில் பங்கேற்றன.

மருத்துவமனைகளுக்கென அழைத்துப் பெற்ற பணம் உரிய காலத்தில் செலவிடப்படாதது குறித்து முதலீட்டாளர் சிலர் வினவினர். 2018 தொடக்கத்தில் அச்செய்தி வெளிவந்தது. அவ்வாண்டு ஜூனில் அப்ராஜ் நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. 2019இல் அதன் நிறுவனர் மீது அமெரிக்காவில் குற்றச்சாட்டுகள் பதிவாயின. அவர் அவற்றை மறுத்தார். அதே ஆண்டு நிதியத்தின் பொறுப்பு அமெரிக்காவின் டி.பி.ஜி. நிறுவனத்திற்கு மாறி, எவர்கேர் என்னும் புதிய பெயர் பெற்றது. அதன் மருத்துவமனை நைஜீரியாவின் லேகோஸ் நகரில் 2021இல் திறக்கப்பட்டது.

இந்நிகழ்வில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. தவறு நடந்ததாகக் கண்டறிந்து வினவியவர்கள் பெரும் முதலீட்டாளர்கள். பணம் சென்றடைய வேண்டிய நாடுகளின் அரசுகள் அல்ல. நிதியத்தின் கணக்கேடுகளைக் காணும் உரிமை அந்நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கோ சுகாதார அமைச்சுகளுக்கோ இல்லை. அடுத்தது, கேட்ஸ் அறக்கட்டளையின் பணமும் மூன்று நான்கு நாடுகளின் பொதுப்பணமும் கலந்திருந்ததே பிற முதலீட்டாளருக்கு நற்சான்றாக அமைந்தது. பொதுப்பணம் உடனிருந்தமையே கண்காணிப்பும் இருக்கும் என்னும் எண்ணத்தைத் தோற்றுவித்தது.

சிறு மருத்துவ நிலையங்களுக்கான கடன்

மூன்றாவது முயற்சி அளவிற் சிறியது. ஆயினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நெதர்லாந்தைச் சேர்ந்த எச்.ஐ.வி. மருத்துவ ஆய்வாளர் யூப் லாங்கே, பார்ம்அக்செஸ் என்னும் அமைப்பை 2001இல் நிறுவினார். ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கு எச்.ஐ.வி. மருந்து கிடைக்கச் செய்வதே அதன் தொடக்க நோக்கம். மருந்து கிடைத்தாலும் அதனை ஒழுங்காக வழங்கும் மருத்துவ நிலையம் இல்லை என்னும் பட்டறிவு அவ்வமைப்பை நிதித் துறைக்கு இட்டுச் சென்றது. 2007இல் நைஜீரியாவின் குவாரா மாநிலத்தில் உழவர் குடும்பங்களுக்கான காப்புறுதித் திட்டம், நெதர்லாந்து அரசின் உதவியோடும் பின்னர் மாநில அரசின் பங்களிப்போடும் நடைபெற்றது. காப்புறுதி பெற்ற பகுதியில் உயர் இரத்த அழுத்தம் உடையோரின் அழுத்தம் கூடுதலாகக் குறைந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

2009இல் அதே அமைப்பு மருத்துவக் கடன் நிதியத்தைத் தொடங்கியது. ஓரிரு அறைகளில் நடக்கும் மருத்துவ நிலையத்தை நடத்தும் மருத்துவச்சிக்கோ மருத்துவருக்கோ ஆப்பிரிக்க வங்கிகள் கடன் தருவதில்லை. நிலத்தையோ கட்டடத்தையோ அடமானமாகக் கேட்கின்றன. மருத்துவ நிலையத்தின் வரவு செலவை வங்கி அறியாது. நிலையத்தை நடத்துபவரும் எழுதி வைப்பதில்லை. கடன் நிதியம் இவ்விருவருக்கும் இடையில் நின்றது. நன்கொடைப் பணத்தை முதல் இழப்புக்கென ஒதுக்கி, உள்நாட்டு வங்கியின் இடர்ப்பாட்டில் ஒரு பகுதியை ஏற்றது. மறுபுறம் கணக்கெழுதவும் தொற்றுத் தடுப்பு முறைகளைப் பின்பற்றவும் நிலையங்களுக்குப் பயிற்சியளித்தது. தரம் படிப்படியாக அளவிடப்பட்டது. முதற்கடன் சிறியது, அதனைத் திருப்பிச் செலுத்தித் தரத்திலும் முன்னேறிய நிலையத்திற்கு அடுத்த கடன் பெரியது. கானா, கென்யா, நைஜீரியா, தான்சானியா, உகாண்டா ஆகிய நாடுகளில் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

இம்முயற்சி மலேசியரின் நினைவோடும் இணைந்த ஒன்று. 2014 ஜூலை 17ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டு உக்ரைன் வான்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச். 17 விமானத்தில் பயணம் செய்தவர்களுள் யூப் லாங்கேயும் ஒருவர். மெல்பர்னில் நடைபெறவிருந்த அனைத்துலக எய்ட்ஸ் மாநாட்டிற்கு அவர் சென்றுகொண்டிருந்தார்.

இக்கடன் முறைக்கும் எல்லை உண்டு. கடன் பெறும் நிலையம் வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்கான வருவாய் நோயாளியின் கட்டணத்திலிருந்தோ காப்புறுதியிலிருந்தோ வர வேண்டும். கட்டணம் செலுத்த இயலாதவருக்குக் கடன் நிதியம் நேரடியாக எதுவும் செய்ய இயலாது. அரசு நடத்தும் காப்புறுதி ஒழுங்காகப் பணம் செலுத்தும் நாட்டில்தான் இம்முறை ஏழைகளையும் சென்றடையும்.

மூன்றையும் ஒப்பு நோக்குதல்

மேற்கண்ட மூன்றிலும் பொதுப்பணம் முன்னின்றது. தனியார் முதல் பின்தொடர்ந்தது. எனினும் விளைவுகள் வேறுபட்டன. அவ்வேறுபாட்டிற்கான காரணங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, ஒப்பந்தத்தின் அளவும் அரசின் ஆற்றலும் பொருந்த வேண்டும். 18 ஆண்டு ஒப்பந்தத்தை எழுதுவதற்கு லெசோத்தோ அரசு அயல்நாட்டு ஆலோசகரை நாடியது. எழுதிய பின்னர் அதனை ஆண்டுதோறும் கண்காணிக்கவும் கட்டணப் பட்டியல்களைச் சரிபார்க்கவும் தேவையான வல்லுநர்கள் அமைச்சில் போதிய அளவு இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளோடு ஆலோசகரின் பணி முடிகிறது. அரசின் பணியோ அன்றுதான் தொடங்குகிறது.

இரண்டாவது, இழப்பின் வரிசை வெளிப்படையாக இருக்க வேண்டும். கடன் நிதியத்தில் யாருடைய பணம் முதலில் கரையும் என்பது தொடக்கத்திலேயே தெளிவு. லெசோத்தோவிலோ எதிர்பாராத நோயாளிப் பெருக்கம், விலையேற்றம், தாமத வட்டி ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி விதிகளுக்குள் அடங்கி, ஒன்றுகூடியபோதுதான் அவற்றின் எடை அரசுக்குப் புலப்பட்டது.

மூன்றாவது, கட்டடமும் கருவியும் மருத்துவம் ஆகா. கென்யா 2015இல் 98 மருத்துவமனைகளுக்கு உயர்தரக் கருவிகளைக் குத்தகை முறையில் பெற ஏறத்தாழ 38 பில்லியன் ஷில்லிங் மதிப்புள்ள திட்டத்தைத் தொடங்கியது. இயக்கத் தெரிந்த பணியாளரும் தேவையான வசதிகளும் இல்லாமையால் பல இடங்களில் கருவிகள் பயனின்றிக் கிடந்ததை அந்நாட்டு மேலவைக் குழு 2020இல் கண்டித்தது. முதலீட்டாளர் கருவியை விரும்புவதற்குக் காரணம் உண்டு. அதனை எண்ணலாம், மதிப்பிடலாம், அடமானம் வைக்கலாம். தாதியின் திறமையை அவ்வாறு செய்ய இயலாது. லெசோத்தோ ஒப்பந்தத்தின் முடிவைத் துரிதப்படுத்தியதும் தாதியர் ஊதியமே என்பது தற்செயலன்று.

முடிவுரை

அமெரிக்க அரசின் அனைத்துலக வளர்ச்சி முகவாண்மை 2025இல் கலைக்கப்பட்டது. ஆப்பிரிக்க மருத்துவத் திட்டங்கள் பல அதனால் பாதிப்புற்றன. உதவி குறைந்த இடத்தைத் தனியார் முதல் நிரப்ப வேண்டும் என்னும் குரல் முன்னிலும் ஓங்கி ஒலிக்கிறது. ஆப்பிரிக்கர் தாமே முன்னின்று முதலிடும் போக்கும் தோன்றியுள்ளது. ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி, இலண்டனின் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையோடு இணைந்து, ஏறத்தாழ 300 மில்லியன் டாலர் செலவில் அபுஜாவில் அமைத்த சிறப்பு மருத்துவ மையம் 2025 ஜூனில் திறக்கப்பட்டது. சென்னைக்கும் தில்லிக்கும் இலண்டனுக்கும் சிகிச்சைக்குச் செல்லும் ஆப்பிரிக்கரின் பணத்தை உள்நாட்டிலேயே தங்கச் செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. வசதியுள்ளோரின் பயணத்தை இது குறைக்கலாம். மலையூரில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்ணின் பயணத்தை இத்தகைய மையம் குறைக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஒவ்வொரு முதலீடும் எவருடைய தேவையை நிறைவேற்ற வந்தது என்பதைப் பிரித்தறிவது அதனால்தான் இன்றியமையாததாகிறது.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தனியார் முதல் ஆப்பிரிக்க மருத்துவத்திற்கு நன்மையே செய்யாது என்றோ அதுவே உய்யும் வழி என்றோ கூறுவதற்கு வரலாறு இடந்தரவில்லை. மசேருவில் இறப்பு குறைந்ததும் உண்மை; மசேருவின் கட்டணம் நாட்டின் சுகாதார நிதியை விழுங்கியதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே கருதாத எம்மதிப்பீடும் குறைபாடுடையதே. முதலீட்டை யார் கொண்டுவந்தார் என்பதைக் காட்டிலும், ஒப்பந்தத்தைப் படிக்கவும் கணக்கைக் கேட்கவும் தேவைப்பட்டால் முடிவுக்குக் கொண்டுவரவும் வல்ல அரசு அங்கே இருந்ததா என்பதே விளைவை உறுதி செய்துள்ளது. அரசின் வலிமைக்கு மாற்றாகத் தனியார் முதலை நாடிய நாடுகள் இடர்ப்பட்டன என்பதை லெசோத்தோவின் பட்டறிவு காட்டுகிறது. தம் அரசுத் துறைகளுக்குக் கணக்காயரையும் சட்ட வல்லுநரையும் சுகாதாரப் பொருளியலாரையும் பயிற்றுவிப்பது, மருத்துவமனை கட்டுவதற்கு முந்திய முதலீடு ஆகும். அம்முதலீட்டைக் கடனாகவோ ஒப்பந்தமாகவோ பிறரிடமிருந்து பெற இயலாது. ஒவ்வொரு நாடும் தன் பல்கலைக்கழகங்களிலும் பள்ளிகளிலும் தானே செய்துகொள்ள வேண்டியதாகும்.